பதினெட்டாம் கேள்விக்கு ஷைலஜா எழுதிய ஆட்சேபணை

தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் காலை ரயில் ஏறும் ஷைலஜாவிடம் வாய் கொடுத்து மீள முடியாது என்பது அந்தப் பெண்கள் பெட்டியில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கொடுப்பார்கள். பெங்களூர் போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வேறு என்னதான் செய்வது?

மாரிக்குப்பத்திலிருந்து வரும் வெங்கடம்மா ஒருநாள் தன் மகன் பைக்கில் எலுமிச்சம்பழம் கட்டிய பெருமையைப் பேசிக்கொண்டு வந்தாள்.

"கட்டி ஆறு மாசம் ஆவுது. வண்டிக்கி ஒரு கீறல் இல்ல, பாத்துக்கோ."

"ஆறு மாசமா வண்டி எங்க கீது?" என்றாள் ஷைலஜா.

"வூட்டு வாசல்லதான். லைசென்ஸ புடுங்கி வச்சிட்டாங்களே."

பெட்டி முழுவதும் சிரித்தது. வெங்கடம்மாவுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அவளும் சிரித்துவிட்டு, "உன் புருசன் பாவம்டி" என்றாள்.

புருசன் சேகர் பாவம்தான். ஊரில் கனரக இயந்திரங்கள் செய்யும் பெரிய தொழிற்சாலையில் காண்டிராக்ட் பிட்டராக இருக்கிறான். பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், "நேத்து வெயில், இன்னிக்கும் வெயில், அதனால நாளைக்கும் வெயில்தான்" என்று சாதாரணமாக ஒரு வார்த்தை பேச முடியாது. அதில் எங்கே ஓட்டை என்று மனைவி காட்டிவிடுவாள்.

ஓட்டை காட்டுவதுதான் அவளுக்குச் சம்பளம். பெங்களூரில் நுழைவுத் தேர்வுகளுக்கான மாதிரிக் கேள்வித்தாள் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் ஷைலஜா சரிபார்ப்பாளர். அந்தத் தேர்வுகளில் தர்க்கக் கேள்வி என்று ஒரு ரகம் உண்டு. நாலு வரியில் ஒருவர் ஏதோ காரணம் சொல்லி ஒரு முடிவுக்கு வருவார். அந்த முடிவில் என்ன பிசகு? வாய்விட்டுச் சொல்லாமல் அவர் மனத்துக்குள் எதை நம்பிக்கொண்டு பேசுகிறார்? கீழே நாலு விடைகள் இருக்கும், ஒன்றுதான் சரி. அந்த ஒன்று உண்மையிலேயே சரியா, மற்ற மூன்றும் உண்மையிலேயே தவறா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியது சரிபார்ப்பாளர் வேலை. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு கேள்வி அச்சுக்குப் போகாது.

இந்த நாற்காலி அவளுக்கு யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்ததில்லை. ஊரிலேயே பி.காம். முடித்தவள், கம்பெனியில் டைப்பிங் பிரிவில்தான் சேர்ந்தாள். ஏழு வருஷம் கீழ் மாடியில் குழல் விளக்கின் கீழே உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைத் தட்டச்சு செய்தாள். தட்டச்சு செய்கிறவள் படிக்கக் கூடாது என்று சட்டமா? படித்தாள். பொருந்தாத விடையைக் கண்டால் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் குத்தி அனுப்பினாள். முதல் சீட்டைப் பார்த்து மேல் மாடியில் சிரித்தார்கள். பதினோராவது சீட்டும் சரியாக இருந்தபோது அப்போதிருந்த மேனேஜர் கீழே இறங்கி வந்து, "நீங்க மேலே வந்து உட்காருங்க" என்றார். அது நடந்து ஒன்பது வருஷம். இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது.

பிசகுகளுக்குப் புத்தகத்தில் நீளநீளமான பெயர்கள் இருக்கின்றன. ஷைலஜா அவற்றை மதிப்பதில்லை. தானே பெயர் வைத்திருந்தாள். பின்னால் நடந்ததாலேயே முன்னால் நடந்ததைக் காரணமாக்கினால் அது 'எலுமிச்சம்பழத் தப்பு'. ரெண்டு பேரைப் பார்த்துவிட்டு ஊரையே எடைபோட்டால் 'ரெண்டு பேர் தப்பு'. சொன்ன விஷயத்துக்குப் பதில் சொல்லாமல் சொன்ன ஆளைத் திட்டினால் 'குழாயடித் தப்பு'. ஆபீசில் மற்றச் சரிபார்ப்பாளர்களும் இந்தப் பெயர்களையே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விநாயக் என்ற புது மேனேஜர் வந்தார். ஹுப்ளிக்காரர். கெட்ட மனிதர் இல்லை, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஒரு மனிதர். யார் எந்தத் தகுதியில் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பட்டியல் கேட்டார். பட்டியல் வந்ததும் ஒரு அறிவிப்பு ஒட்டினார். சரிபார்ப்பாளர்கள் ஆறு பேரும் ஒரு தேர்வு எழுத வேண்டும். முப்பது கேள்வி. கேள்விகள் வெளியூர் நிபுணர் ஒருவரிடமிருந்து வரும். இருபத்தேழோ அதற்கு மேலோ வாங்கினால் நாற்காலி நிலைக்கும். குறைந்தால் டைப்பிங் பிரிவு. ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதிப் பார்க்கலாம். விடையில் ஆட்சேபணை இருந்தால் திங்கள்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்சேபணை சரியென்றால் விடை மாற்றப்படும். எல்லாருடைய மதிப்பெண்ணும் மறுபடி கணக்கிடப்படும்.

ஷைலஜாவுக்குக் கோபம் வந்தது. ஒன்பது வருஷமாக ஊரான் கேள்விகளைத் திருத்தியவளுக்கு இப்போது பரீட்சையா? ஆனால் அந்த அறிவிப்பில் ஓட்டை எதுவும் இல்லை. இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்துக்கொண்டு போய் எழுதினாள்.

சனிக்கிழமை மதியம் முடிவு வந்தது. ஷைலஜா இருபத்தேழு. சரியாகக் கோட்டின் மேல். நாலு பேர் அவளுக்கு மேலே. ஒரே ஒருத்திதான் கீழே: ஈவ்லின், இருபத்தாறு.

ஈவ்லின் பங்காருப்பேட்டைக்காரி, முப்பது வயது இருக்கும். அவளும் கீழ் மாடியிலிருந்து ஏறி வந்தவள்தான், வந்து ஒரு வருஷமே ஆகிறது. அன்றைக்குச் சாயங்கால ரயிலில் ஷைலஜாவின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்தாள். அழவில்லை. அழுதுவிட்டு வந்த முகம்.

"அக்கா, பதினெட்டு மட்டும் எனக்குப் புரியல. ரெண்டாவது விடை போட்டேன். தப்புன்னு வந்துருக்கு. ஏன்னு சொல்லுங்க."

கேள்வி இதுதான். ஒரு குளிர்பதனக் கிடங்கு. உள்ளே போகும் ஒவ்வொரு தொழிலாளியும் பலகையிலிருந்து தன் எண் போட்ட டோக்கனை எடுத்துக்கொண்டே போகிறார். வெளியே வந்ததும் அதைப் பலகையில் மாட்டுகிறார். மாலை ஆறு மணிக்கு எல்லா டோக்கன்களும் பலகையில் இருந்தன. ஆகவே, அப்போது கிடங்குக்குள் தொழிலாளி யாரும் இல்லை. இப்படிச் சொல்பவர் எதைச் சொல்லாமலே நம்புகிறார்? இரண்டாவது விடை: உள்ளே இருப்பவரின் டோக்கனை வேறொருவர் மாட்டிவிடுவதில்லை. மூன்றாவது விடை: கிடங்குக்கு வேறு வாசல் இல்லை. மூன்றாவதுதான் சரி என்று நிபுணர் சொல்லியிருந்தார். ஷைலஜாவும் மூன்றாவதைத்தான் போட்டிருந்தாள்.

"இதுல இன்னா கீது?" என்றாள் ஷைலஜா. "வேற வழி இருந்தா கணக்கே தப்பிப் போவும். எங்க சுரங்கத்துல ஒரு ஷாப்ட்டுக் குழியில எறங்குனவன் உள்ளுக்குள்ளயே நடந்து இன்னொரு ஷாப்ட்ல ஏறி வந்துடுவான். அதனால மொதல்ல வழியத்தான் பாக்கணும்."

"அது சரிக்கா. ரெண்டாவது ஏன் இல்ல?"

"அடுத்தவன் டோக்கன எவனாவது தொடுவானா? கேள்வியில இல்லாத கற்பனைய உள்ள இழுத்துகினு வராத."

ஈவ்லின் தாளை மடித்தாள். "ஆட்சேபணை எழுதலாம்னு இருந்தேன். நீங்களே சொல்லிட்டீங்க, அப்ப சரியாத்தான் இருக்கும். வுட்டுடறேன்." பங்காருப்பேட்டையில் இறங்கிப் போனாள். ஷைலஜாவுக்குப் பாவமாக இருந்தது. சந்தேகம் மட்டும் துளிகூட வரவில்லை.

எப்படி வரும்? டோக்கன் பலகை என்றால் என்ன என்று அவளுக்கா தெரியாது? அப்பா சுரங்கத்தில் முப்பது வருஷம் இறங்கி ஏறியவர். அவருடைய எண் 614. பித்தளை டோக்கன், விளையாட்டுக்குக்கூடப் பிள்ளைகள் அதைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். ஒருத்தன் டோக்கன் அவன் உயிருக்குச் சமானம் என்று அந்தத் தொழிலாளர் லைன் வீடுகளில் பால் குடிக்கும்போதே தெரிந்துகொண்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அதோடு ஒரு சம்பவமும் உண்டு. ஷைலஜாவுக்கு ஒன்பது வயது. ஒரு பிற்பகல், பூமி ஆடியது. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்தால் மேலே வீட்டு அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் கீழே வந்து விழும். ராக்பர்ஸ்ட் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். அம்மா தங்கம்மா இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஷாப்ட் வாசலுக்கு ஓடினாள். அங்கே பெண்கள் கூட்டம். பலகையில் 614 அதன் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரம்மா ஷைலஜாவை வீட்டுக்குக் கூட்டிப் போனாள். பொழுது சாயும்போது அப்பா உடம்பெல்லாம் வெள்ளைத் தூசியோடு வந்து டீ குடித்தார். பலகை பொய் சொல்லாது. அன்றைக்கு அவள் மனத்தில் விழுந்தது அதுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தை மாதம், அவரைக்காய் கொட்டிக் கிடக்கும் காலம். அம்மா சமையலறை வாசலில் ஊறிய அவரைக் கொட்டைகளைப் பிதுக்கித் தோலை நீக்கிக்கொண்டிருந்தாள். ஷைலஜாவும் ஒரு பிடி எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மார்க் வாங்கிய பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டும். சேகரிடம் நேற்றே இரண்டு தடவை சொல்லியாகிவிட்டது.

"அம்மா, பரீட்சையில நம்ம டோக்கன் பலகை வந்துச்சி தெரியுமா?" என்று கேள்வியைத் தமிழில் சொன்னாள். ஈவ்லின் போட்ட விடையையும் சொன்னாள். "அடுத்தவன் டோக்கன எவன் மாட்டுவான், சொல்லு. அந்தப் பொண்ணுக்கு அது தெரியல."

தங்கம்மா கையை நிறுத்தவில்லை. "ஏன், உங்க நைனா டோக்கன தாமோதரன் மாட்டலையா?"

"எப்போ?"

"அதான், பர்ஸ்ட் ஆன அன்னிக்கி."

ஷைலஜாவின் கையிலிருந்த கொட்டை நழுவி ஓடியது. அம்மா அதைத் தேடி எடுத்துத் தட்டில் போட்டுவிட்டுத்தான் மீதியைச் சொன்னாள்.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்த சங்கு ஊதியபோது அப்பாவுக்குப் பாறையில் போட வேண்டிய ஒரு துளை பாக்கி இருந்தது. முடிக்காமல் வர மனசில்லை. நேரத்துக்கு டோக்கன் மாட்டவில்லை என்றால் பெயர் எழுதிவிடுவார்கள். அதனால் கூட வேலை செய்த தாமோதரனிடம், "இத மாட்டுடா, அடுத்த கேஜுல வந்துடறேன்" என்று கொடுத்தனுப்பினார். தாமோதரன் கேஜ் கூண்டில் மேலே வந்து இரண்டு டோக்கனையும் மாட்டிவிட்டுப் போய்விட்டான். அப்புறம்தான் பூமி ஆடியது.

"பலகை ரொம்பி இருந்துச்சி," என்றாள் தங்கம்மா. "உள்ள யாரும் இல்ல, எல்லாரும் வூட்டுக்குப் போங்கன்னு ஆபீசர் சொல்லிட்டாரு. கேஜ நிறுத்தச் சொல்லிட்டாரு. நானும் கும்புட்டுகினு எந்திரிச்சேன். அப்போதான் தாமோதரன் ஓடியாறான். செருப்பு இல்ல காலுல. அத்தினி பேரு முன்னாடி ஆபீசர்கிட்ட நின்னு சொல்றான், அறுநூத்தி பதினாலு உள்ளதான் கீறாரு சார், டோக்கன மாட்டுனது நானு, அப்படின்னு."

"நைனா?"

"கேஜ் எறங்கிப் போயி ஏத்திகினு வந்துச்சி. தூசியில மூச்சு வாங்கிகினு குந்தி இருந்தாராம். இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா ஆளு இல்லன்னு டாக்டர் சொன்னாரு. உங்க நைனாவுக்கு ஒரு மாசம் சஸ்பெண்டு. தாமோதரனுக்கு வேலையே போச்சி, மறுநாளே."

"எனக்கு ஏம்மா சொல்லல?"

"ஒம்போது வயசுப் புள்ளைகிட்ட சொல்றதா இதெல்லாம்? அப்புறம் வாய் வரல." தங்கம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். "பொங்கலுக்குப் பொங்கல் உங்க நைனா மொதத் துணி யாருக்கு எடுத்தாரு? தாமோதரன் வாய மூடிகினு இருந்தா வேலை நிலைச்சிருக்கும். எவனுக்குத் தெரியும்? அவன் வாயத் தொறந்ததால அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருசம் உங்க நைனா இந்த வூட்ல இருந்தாரு. உன் கல்யாணத்துல நின்னாரு."

அதே ஊரில் மைசூர் மைன்ஸ் பகுதியில் இருக்கும் தாமோதரனை ஷைலஜாவுக்கு நன்றாகத் தெரியும். அப்பா பொங்கல் துணியோடு அவர் வீட்டுக்குப் போவதும் தெரியும். சிநேகிதம் என்று நினைத்திருந்தாள். அவள் எழுந்து உள்ளே போய்க் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அப்பாவை நினைத்து அழுகை வந்தது, அழுதாள். அழுது முடித்ததும் கேள்வித்தாளை எடுத்தாள். அவள் சுபாவம் அப்படி.

சொல்லாத நம்பிக்கையைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சட்டையைத் திருப்பித் தையல் பார்ப்பதுபோல, விடையைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டதும் முடிவு உடைந்தால் அதுதான் சரியான விடை. உடையாவிட்டால் இல்லை. ஷைலஜா மூன்றாவதைத் திருப்பினாள். கிடங்குக்கு வேறு வாசல் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வழியாக ஒருவன் உள்ளே போனாலும் டோக்கன் எடுத்துக்கொண்டுதான் போவான். போகும் ஒவ்வொருவரும் எடுக்கிறார் என்று கேள்வியே சொல்லிவிட்டது. அந்த வழியாக ஒருவன் வெளியே போயிருந்தால்? அவன் உள்ளே இல்லை, அவ்வளவுதானே. முடிவு உடையவில்லை. வாசல் ஒன்றானாலும் பத்தானாலும் ஒன்றும் ஆகாது.

பிறகு இரண்டாவதைத் திருப்பினாள். உள்ளே இருப்பவரின் டோக்கனை வேறொருவர் மாட்டிவிட்டார். முடிவு அப்போதே உடைந்தது. பலகை நிறைந்திருக்கிறது, ஆள் உள்ளே இருக்கிறான்.

இரண்டு நிமிஷ வேலை. பரீட்சையில் இதைச் செய்யாமல் விட்டது ஏன்? பல ஷாப்ட் உள்ள ஊரில் பிறந்ததால் வாசலைப் பற்றிய விடையைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. அடுத்தவன் டோக்கனை யாரும் தொடமாட்டார்கள் என்பது நம்பிக்கையாகவே அவள் கண்ணில் படவில்லை. சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி பட்டது. ஊரான் பேச்சில் ஒளிந்திருக்கும் நம்பிக்கையை ஒன்பது வருஷமாகத் தோண்டி எடுத்தவள், தன் வீட்டு நம்பிக்கையை முப்பத்துமூன்று வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். அவளுக்கு ஆத்திரமாக வந்தது, தன் மேல்தான். அதைவிட, ரயிலில் அந்தப் பெண்ணை ஒரே வார்த்தையில் வாயடைத்தது நினைவு வந்து முகம் சுட்டது.

சரியான விடை இரண்டாவது என்றால் ஈவ்லினுக்கு இருபத்தேழு. ஷைலஜாவுக்கு இருபத்தாறு.

சாப்பிடும்போது சேகரிடம் சொன்னாள். சேகர் பிதுக்குப் பருப்புக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே யோசித்தான்.

"நீ சொல்லலன்னா யாருக்கும் தெரியாது ஷைலு."

"யாருக்கும் தெரியாததால தப்பு சரியாயிடுமா?"

"அந்தப் பொண்ணு சின்ன வயசு. ஆறு மாசத்துல எழுதிப் பாஸ் பண்ணிடும்."

"நான் கெழவியா? நானும் ஆறு மாசத்துல எழுதலாமே."

"அந்த மேனேஜரு உன்னக் கீழ தள்ளணும்னே வந்திருக்கான்."

"இது குழாயடித் தப்பு. அவரு எப்படிப்பட்ட ஆளா இருந்தா இன்னா? கேள்விக்கி விடை இன்னா, அதச் சொல்லு."

சேகர் தோற்றுப்போய்த் தண்ணீர் குடித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான்: "மறுபடியும் அந்தக் குழல் வெளக்கு கீழ உக்காருவியா?"

இதில் ஓட்டை தேட முடியாது. ஏனென்றால் இது வாதம் இல்லை. ஏழு வருஷம் அவள் கீழ் மாடியில் இருந்தாள். அங்கே யாரும் அவளிடம் எதையும் கேட்டதில்லை. மேலே வந்த பிறகுதான் அவள் சொல்வதை எழுதிக்கொள்கிற மனிதர்களைப் பார்த்தாள். திரும்பிப் போக அவளுக்கு விருப்பமே இல்லை. அந்த நாற்காலி வேண்டும், அவளுக்கு அது ரொம்ப வேண்டும்.

"உக்காருவேன்," என்றாள். "கை கழுவிட்டு வாங்க. தாமோதரன் சித்தப்பாவுக்கு இந்தக் கொழம்பு கொஞ்சம் குடுத்துட்டு வரணும்." அவன் வண்டியை எடுக்கப் போனபோது ஆட்சேபணையை ஒரு பக்கத்தில் எழுதி முடித்தாள். அடித்தல் திருத்தல் இல்லை.

திங்கள் காலை பங்காருப்பேட்டையில் ஈவ்லின் ஏறியதும் ஷைலஜா நகர்ந்து இடம் கொடுத்தாள். வெங்கடம்மாவும் மற்றவர்களும் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இருக்கட்டும் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினாள்.

"பதினெட்டுல உன் விடைதான் சரி. நான் சொன்னது தப்பு. ஆட்சேபணை எழுதிட்டேன், இன்னிக்கிக் குடுத்துடுவேன்."

ஈவ்லின் தாளை வாங்கிப் படித்தாள். முகம் மலர்ந்தது. அடுத்த கணமே சுருங்கியது. "அக்கா, அப்போ உங்க மார்க்கு?"

"கழிக்கத் தெரியும் இல்ல உனக்கு?"

"வேணாம்க்கா. எனக்குச் சங்கடமா இருக்கு. மன்னிச்சிடுங்க."

"சரியான விடை எழுதுனதுக்கு எவளாவது மன்னிப்புக் கேப்பாளா?" என்று அதட்டினாள் ஷைலஜா. "அன்னிக்கி நான் சொன்னதும் ஏன் வுட்ட? பெரியவ சொன்னா சரியா இருக்கும்னா? அந்தத் தப்புக்கு நான் இன்னும் பேரு வைக்கல. உன் பேரையே வச்சிடுவேன்."

வெங்கடம்மா பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து ஷைலஜாவின் மடியில் வைத்தாள்.

பத்து மணிக்கு விநாயக்கின் அறையில் தாளைக் கொடுத்தாள். அவர் ஒரு முறை படித்தார். கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். இருவரும் பேசியது கன்னடத்தில்.

"நீங்களும் மூன்றாவதைத்தானே போட்டிருக்கிறீர்கள்?"

"ஆமாம் சார். தப்பாகப் போட்டேன்."

"நிபுணரும் அதையே சொல்கிறார்."

"அவரும் தப்பாகச் சொல்கிறார். இரண்டு பேர் தப்பு செய்தால் அது சரியாகாது."

விநாயக் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் இதுவரை அவள் பார்க்காத ஒரு தடுமாற்றம். "நான் வேறொன்று யோசிக்கிறேன். ஒரு கேள்வி பிழை என்று ஆகிவிட்டது. தேர்வே கொஞ்சம் கடினம்தான். தேர்ச்சிக் கோட்டை இருபத்தாறுக்கு இறக்கிவிடலாம். இரண்டு பேரும் இருக்கலாம். உங்களைப் போல ஒருவரை நான் கீழே அனுப்ப விரும்பவில்லை."

 பொய் சொல்வானேன், சரி என்ற சொல் ஷைலஜாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம்! யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த நாலு வரி வாதத்தில் ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க அவளுக்கு வராது.

"சார், சனிக்கிழமை இருபத்தாறு வாங்கியவள் ஈவ்லின். அப்போது நீங்கள் கோட்டை இறக்கவில்லை. தேர்வு கடினம் என்றும் சொல்லவில்லை. இன்றைக்கு இருபத்தாறு வாங்கியவள் நான் என்றதும் இறக்குகிறேன் என்கிறீர்கள். முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தை அப்புறம் தேடுகிறீர்கள். மாணவன் யாராவது இப்படி எழுதினால் நான் தப்பு என்று போடுவேன்."

  விநாயக் பேனாவைத் திறந்து, நிபுணர் அனுப்பிய விடைப் பட்டியலில் பதினெட்டுக்கு நேரே 3 என்பதை அடித்து 2 என்று எழுதினார். மதிப்பெண் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 27-ஐ அடித்து 26 என்று எழுதினார். மதிப்பெண் மாறினால் எழுதியவரின் கையெழுத்து வேண்டும் என்பது அவரே போட்ட விதி. பட்டியலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஷைலஜா கையெழுத்துப் போட்டாள். ஒன்பது வருஷமாக ஆயிரக்கணக்கான கேள்விகளின் அடியில் போட்ட அதே கையெழுத்து, அதே வேகம்.

"ஜூலையில் மறுபடி தேர்வு வைப்பீர்கள் இல்லையா சார்?"

"வைப்பேன்."

"வருவேன். ஈவ்லின் கையெழுத்தும் வேண்டுமே, கூப்பிடுகிறேன்."

அவர் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். கூடத்தில் மற்ற ஐந்து பேரும் வேலை செய்வதுபோலக் குனிந்துகொண்டு இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படி வழியாகக் கீழே டைப்பிங் பிரிவு வரைக்கும் கேட்கிற குரலில் ஷைலஜா கூப்பிட்டாள்:

"ஈவ்லின், பேனா எடுத்துகினு வா. நீ பாஸ்."